வெட்டாத வண்டி

கிளட்ச்சை அமுக்கினேன். பாதி தூரம் போனது, அதற்குமேல் மாட்டேன் என்று நின்றது. இடது முழங்காலுக்குள் வைத்திருக்கும் தகடும் திருகாணிகளும் எலும்பை நெருடுவது எனக்கு மட்டும் தெரிந்தது. வெளியே புது இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. முற்றத்துச் சுவரோரம் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாணப் பெண்ணை வழியனுப்ப வந்தவர்கள் மாதிரி அப்படி ஒரு பூரிப்பு அவர்கள் முகத்தில். என் கணவனின் கூட்டாளி யஹ்யா கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தான். ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் கணவன் இக்ஷான் உள்ளே குனிந்தான்.

“முழுசா அமுக்கு ருகையா. பாதியில நிறுத்தினா கியர் கத்தும்.”

முழுசாகத்தான் அமுக்கினேன். முதுகை இருக்கையில் முட்டுக்கொடுத்து, இடுப்பை உந்தி, கடைசியில் வெட்கத்தை விட்டு இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே தள்ளினேன். கியர் விழுந்தது. இனிக் காலை மெதுவாக எடுக்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிற எனக்கும் தெரியும். ஆனால் மெதுவாக எடுப்பதற்கும் காலில் வலு வேண்டுமே. பெடல் என் பாதத்தை உதறி எறிந்தது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்துவிட்டு அணைந்துபோனது. சுவரோரம் சிரிப்பு எழுந்தது.

“அக்காவுக்குக் குதிரை இன்னும் பழகல,” என்றான் யஹ்யா.

“ஆடத் தெரியாதவளுக்கு…” என்று பின்னால் யாரோ பழமொழியைத் தொடங்கினார்கள். நான் திரும்பிப் பார்த்ததும் அதை முடிக்கவில்லை.

“பழகிடும்,” என்றான் இக்ஷான். என்னைப் பார்த்து அல்ல, அவர்களைப் பார்த்து.

அது என் வண்டி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இக்ஷானின் கோல்ஃப் கார் என்றுதான் சொல்வார்கள். நான் வேலை பார்த்த துணி ஆலையை மூடியபோது கையில் வந்ததை வைத்து, தங்கம் வாங்கு என்ற அம்மாவின் பேச்சையும், வீட்டுக்கு ஓடு மாற்று என்ற இக்ஷானின் பேச்சையும் கேட்காமல் நான் வாங்கியது. வெள்ளை நிறம், பழைய மாடல், பெட்டி மாதிரி உடம்பு. எங்கள் ஊரான மிச்சல்ஸ் பிளெய்னில் வீட்டுக்கு வீடு நிற்கிற வண்டிதான். அதில்தான் வேறொரு ஆலைக்குப் போய், வெட்டிய துணிகளை மூட்டையாக ஏற்றி வந்து, பக்கத்து வீட்டு டீனாவும் நானும் தைத்து, பள்ளிச் சட்டைகளாகத் திருப்பிக் கொடுத்தோம். கை மெஷினில், கால் வண்டியில். அப்படித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் நெடுஞ்சாலையில் இன்ஜின் புகைவிட்டு நின்றது. பழைய இன்ஜினையே பிரித்துச் சரிசெய் என்றேன். இக்ஷான் மெக்கானிக், வீட்டு முற்றம்தான் பட்டறை. அவனுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்குள் யஹ்யா, தான் வேலை பார்க்கும் பழைய வண்டிக் கிடங்கில் விபத்தில் நசுங்கிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். டர்போ வைத்த பெரிய இன்ஜின், கூடவே அதன் கியர்பாக்ஸ். இருவரும் அதைக் கயிறு கட்டி இறக்கிய அன்று என் கணவன் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை எங்கள் மூத்த பிள்ளை பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. சட்டை மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு எதற்குப் பந்தயக் குதிரையின் இதயம் என்று கேட்டேன். “ஒரே மாசம்,” என்றான்.

மாதம் எப்படியெல்லாம் நீளும் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். வண்டி செங்கல்மேல் ஏறி உட்கார்ந்தது. தினமும் சாயங்காலம் ஆண்கள் வந்தார்கள். திறந்த பானெட்டுக்குள் ஆறு தலைகள் தெரியும், வேலை செய்வது இரண்டு கை. மற்றவர்கள் ஆலோசனை. நான் பொரித்துவைத்த பஜ்ஜி தட்டுத் தட்டாக முற்றத்துக்குப் போனது, தட்டு மட்டும் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. நான் மூட்டையைத் தலையில் வைக்காத குறையாக டாக்ஸி வேன்களில் ஏறி இறங்கினேன். எங்கள் ஊர் டாக்ஸி வேன் யாருக்காகவும் நிற்பதில்லை, நிற்பதுபோல் வேகம் குறைக்கும், அவ்வளவுதான். ஒரு மழைநாளில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தரையிலுமாக நான் இருந்தபோது அது கிளம்பிவிட்டது. கையிலிருந்த மூட்டையை விட்டிருந்தால் கம்பியைப் பிடித்திருப்பேன். விடவில்லை, பள்ளிச் சட்டை நனைந்துவிடும் என்று.

முழங்கால் மூன்றாக உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கீறி, தகடு வைத்துத் திருகினார்கள். வீடு திரும்பியபோதும் வண்டி செங்கல்மேல்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் டாக்ஸிக்காரனைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள், கடைசியில் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். வண்டி ஓடியிருந்தால் நான் அந்த வேனில் ஏறியிருக்கவே மாட்டேன் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இக்ஷானும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் மெத்தைக்கு அடியில் கத்தி மாதிரி கிடந்தது.

இப்போது வண்டி ஓடுகிறது, என்னால் ஓட்ட முடியவில்லை. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள், அதுதான் நடந்தது.

என் வண்டியில் கிளட்ச் என்பது ஒரு கம்பி. பெடலை அமுக்கினால் கம்பி இழுபடும், கம்பி இழுத்தால் கியர்பாக்ஸில் உள்ள கை நகரும். புது கியர்பாக்ஸ் அப்படி இல்லை. அதற்கு எண்ணெய்தான். பெடல் ஒரு சிலிண்டரை அமுக்க, எண்ணெய் குழாய் வழியே ஓடிப்போய் மறுமுனையில் இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். ஒன்று இழுக்கும் சாதி, மற்றது தள்ளும் சாதி. இரண்டுக்கும் சம்பந்தம் பேச இக்ஷான் தடித்த இரும்பில் ஒரு தாங்கியும், குப்புற விழுந்து எழும் ஒரு நெம்புகோலும் செய்தான். கம்பி நெம்பை இழுக்கும், நெம்பு திரும்பிக் கையைத் தள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கெட்டிக்கார வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நெம்பைத் தூக்கும் பாரம் முழுவதும் சுற்றி வளைந்து வந்து விழுந்த இடம் என் முழங்கால்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். “எண்ணெய் பெடலே வெச்சுடலாம்ல? அந்த கியர்பாக்ஸுக்கு அதுதானே வழக்கம்?”

“வெச்சா வெட்டணும்.”

“எதை?”

“இன்ஜினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல நிக்குதே தகடு, அதை. சிலிண்டர் அதுல ஓட்டை போட்டுத்தான் உக்காரும்.”

“போடு.”

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். “நான் வண்டிய வெட்டமாட்டேன் ருகையா. உனக்குத் தெரியும்.”

தெரியும். ஊருக்கே தெரியும். ‘வெட்டாத இக்ஷான்’ என்றுதான் அவனுக்குப் பெயர். எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாமல் கபர்ஸ்தானுக்குக்கூடப் போக முடியாது. மற்ற மெக்கானிக்குகள் பெரிய இன்ஜினை நுழைக்க உடம்பை அறுப்பார்கள், சுத்தியலால் அடித்துப் பள்ளமாக்குவார்கள், பற்றவைப்பார்கள். இக்ஷான் ஒரு கீறல் போடமாட்டான். தாங்கி செய்வான், போல்ட்டில் மாட்டுவான், நாளைக்கே கழற்றினாலும் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த உடம்போடு நிற்கும். அதைப் பார்க்கத்தான் தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். வெட்டாத உடம்புக்கு ஆண்கள் கொடுக்கிற மரியாதையை நேரில் பார்க்க வேண்டும். தகட்டைத் தடவிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்பார்கள்.

“நீ எதுக்கு ஓட்டணும்? எங்க போகணும்னு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்,” என்றான், பெரிய மனது பண்ணி.

கூட்டிக்கொண்டுதான் போனான். அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலை எட்டுக்கு மூட்டை எடுக்க வேண்டும் என்றால் ஒன்பதரைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வருவான். போகிற வழியில் சிக்னலில் எவனாவது பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், எனக்குப் பின்னால் சட்டைத் துணிகள் இருக்கின்றன என்பதை மறந்து இவனும் மிதிப்பான். பச்சை விழுந்ததும் மூட்டைகள் என் கழுத்தில் வந்து விழும். ஆலை வாசலில் மேற்பார்வைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்க்காமல் வேறு பெண்ணின் பெயரைக் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் வண்டியே கிடைக்காது, கடற்கரைச் சாலையில் காட்சிக்கு நிற்கும். கடைக்குப் போக வேண்டும், வாயைத் திறந்து கேட்க வேண்டும். தங்கையைப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். ஒன்றுமில்லை, சும்மா கடலோரம் போய் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார வேண்டும் என்று தோன்றுகிற நாள் ஒன்று உண்டே, அதை எப்படிக் கேட்பது? என் வண்டியில் நான் சவாரி ஏறுகிறவள் ஆகிவிட்டேன்.

“உன் புருஷன் தங்கமான ஆளுடி. எங்காளு கடைத்தெரு வரைக்கும்கூடக் கூட்டிட்டுப் போகமாட்டான்,” என்று டீனா பட்டன் தைத்துக்கொண்டே சீண்டினாள்.

“எனக்குத் தங்கம் வேணாம். சாவி போதும்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இந்தத் தவணையும் லேட்டானா மூட்டை நமக்கு வராது ருகையா. அந்தம்மா வாயாலேயே சொல்லிட்டாங்க,” என்றாள்.

இந்த நேரத்தில்தான் யஹ்யா வாயை விட்டான். அவன் கெட்டவன் இல்லை, வாய்க்கு மூடி மட்டும் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம், இக்ஷான் ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தபோது, எங்கள் அடுக்களை வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் மாடிப்படி இறங்குவதுபோல் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு, “அண்ணனுக்கு என்ன பிடிவாதமோ அக்கா. எல்லா சாமானும் அந்தப் பெட்டியிலேயே கெடக்கு,” என்றான்.

“எந்தப் பெட்டி?”

“அதான், நசுங்குன வண்டியில இருந்து கழட்டினது. பெடல், சிலிண்டர், குழாய், எல்லாம் முழுசா இருக்கு. அலமாரிக்கு மேல. ஒரு ஓட்டை போட்டா ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது…” என் முகத்தைப் பார்த்ததும் தேநீரை வேகமாகக் குடித்தான்.

நான் அவனைப் பெட்டியை இறக்கச் சொன்னேன். வேண்டாம் அக்கா என்றான். இறக்கினான். இன்ஜினோடு வந்த நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது. நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தபோதும், இக்ஷான் இரும்பில் நெம்பு அறுத்துக்கொண்டிருந்தபோதும், குப்பைத் தொட்டியை இடித்து எல்லோரும் சிரித்தபோதும், அலமாரிக்கு மேலே. பெட்டிக்குள் குனிந்தவள் தலையைத் தூக்கவில்லை. அழுகை என்று யஹ்யா நினைத்திருப்பான். கோபம்தான். இத்தனை காலம் அது சாமானுக்கான காத்திருப்பு என்றோ, பணம் என்றோ, தெரியாமை என்றோ எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஒன்றுமே இல்லை. தகரத்தில் ஒரு ஓட்டை. என் கால் ஒரு தட்டில், அந்தத் தகரம் ஒரு தட்டில், தகரம்தான் கனமாக இருந்திருக்கிறது.

“எந்த இடத்துல போடணும்?” என்றேன்.

“அக்கா, என்னை மாட்டிவிடாதீங்க.”

“இடத்த மட்டும் காட்டு. அப்புறம் நீ எதையும் பாக்கல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குத் தெருவே காலியாகும். இக்ஷான் குளித்து, வெள்ளைத் தொப்பி வைத்து, யஹ்யாவோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பினான். அவர்கள் முனை திரும்பியதும் முற்றத்துக்கு வந்தேன். பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். பேட்டரி ஏற்கெனவே கழற்றிச் சார்ஜில் இருந்தது. மட்கார்டின்மேல் பழைய கம்பளியை விரித்தேன், அதன்மேல் வயிற்றை வைத்துச் சாய்ந்துகொள்ள. முழங்காலை மடக்காமல் வேலை செய்ய வேறு வழியில்லை.

எனக்குத் தெரிந்த வேலை துணி வெட்டுவது. அதே மாதிரி செய்தேன். சிலிண்டரின் கழுத்தைப் பேட்டர்ன் காகிதத்தில் நிறுத்தி வரைந்தேன், கத்தரித்தேன், யஹ்யா காட்டிய இடத்தில் ஊசிக்குப் பதிலாக ஒட்டுநாடா போட்டு ஒட்டினேன், தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். இக்ஷானின் டிரில்லை எடுத்து, கோட்டின்மேல் தையல் போட்ட மாதிரி சின்னச் சின்ன ஓட்டையாக நெருக்கி நெருக்கி இறக்கினேன். முதல் ஓட்டை விழுந்தபோது இரும்பு போட்ட சத்தத்தில் டீனா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

“யேசுவே. என்னடி பண்ற?”

“ஓட்டை போடுறேன்.”

அவள் பள்ளிவாசல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சீக்கிரம் போடு,” என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

சுற்றி முடித்ததும் உளியை வைத்து அடித்தேன். ஒவ்வொரு அடியும் எனக்கு இனித்தது, பொய் சொல்லவில்லை. தகட்டுத் துண்டு உள்பக்கம் விழுந்து உருண்டது. சிலிண்டரை எடுத்து நுழைத்தேன். நுழைந்தது, நுழைந்து அப்படியே மறுபக்கம் போய்விட்டது. போல்ட் பிடிக்க வேண்டிய இடத்திலும் இரும்பு இல்லை, காற்றுதான் இருந்தது. எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு காகிதத்தைப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் சுற்றிலும் விட்டு வெட்டியிருந்தேன். தையலுக்கு விடுவது. வாழ்நாள் முழுக்கச் செய்த கை, கேட்காமலே செய்துவிட்டது. துணியில் விட்டால் உள்ளே மடிக்கலாம். இரும்பில் எதை மடிப்பது? உளியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் நகரவில்லை. மட்கார்டில் சாய்ந்துகொண்டு நின்றேன். வாசலில் நுழைந்த இக்ஷான் முதலில் உளியைப் பார்த்தான், பிறகு கம்பளி, பிறகு சாக்குக்கட்டிக் கோடு. பின்னால் யஹ்யா, இன்னும் இரண்டு பேர். இக்ஷான் அருகில் வந்து, அந்த ஓட்டைக்குள் மெதுவாகக் கையை விட்டான். மணிக்கட்டு வரை போனது.

“யாரு பண்ணது?”

“நான்.”

“யஹ்யா,” என்று பின்னால் திரும்பினான்.

“சத்தியமா நான் எடத்த மட்டும்தான்ணே காட்டினேன்.”

இக்ஷான் ஓட்டையின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவினான். “இவ்ளோ பெருசா எதுக்கு?”

“தையலுக்கு விட்டேன்.”

யஹ்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து இருமினான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“உனக்குப் புத்தி இருக்கா?” என்றான் இக்ஷான். அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். “ஒரு கீறல் இல்லாத உடம்பு. இந்த ஊர்ல இன்னொன்னு காட்டு பாப்போம். இனிமே இது வெட்டுன வண்டி. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் நாலு பேர் முன்னாடி நிப்பேன்?”

“என் காலையும் கீறினாங்க,” என்றேன். “அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்து கேட்டப்ப பேனாவ வாங்கி உடனே போட்ட. ஒரு கீறல் இல்லாத காலுன்னு நீ யார்கிட்டயும் அழல.”

“அது வேற.”

“என்ன வேற?”

“அது டாக்ஸிக்காரன் பண்ணது. நானா உன்னத் தள்ளிவிட்டேன்?”

நான்கு ஆண்கள் நின்றிருந்தார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் டீனாவின் மெஷின் நின்றுபோயிருந்தது. சொல்லக்கூடாத நேரம், சொல்லக்கூடாத இடம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

“இந்த வண்டி ஓடியிருந்தா நான் அந்த டாக்ஸியில ஏறியிருக்கமாட்டேன் இக்ஷான். ஒரு மாசம்னு சொன்ன. பஜ்ஜி தின்னுட்டு நின்ன எல்லாருக்கும் தெரியும். எவனும் சொல்லல. நீ பெட்டிய மேல ஏத்தி வெச்ச.”

தொப்பிகள் எல்லாம் தரையைப் பார்த்தன. வந்திருந்த இருவரும் ஸலாம் சொல்லாமலே போனார்கள். இக்ஷான் தொப்பியைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். அன்று அவனுக்குப் போட்ட சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்துப் பார்த்தேன், வரவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் அவன் முற்றத்துப் பக்கமே வரவில்லை. மூட்டைகளை டீனாவின் மருமகன் வேனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். தென்கிழக்குக் காற்று சீசன், ஓட்டை வழியாக மணல் புகுந்து வண்டிக்குள் மிதியடிமேல் குவிந்தது. தெருவில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது டீனா வழியாகத் தவணை முறையில் வந்து சேர்ந்தது. வெட்டாத இக்ஷானின் வண்டியை அவன் பெண்டாட்டியே வெட்டிவிட்டாளாம், அதுவும் தையல் கத்திரியால். கத்திரி யார் சேர்த்தது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நான் மெஷினில் இருந்தபோது அவன் கதவருகே வந்து நின்றான்.

“அந்தக் காகிதம் எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் அதே வடிவில், ஓட்டையை மூடும்படி இன்னும் அகலமாக, தடித்த இரும்பில் ஒரு தகடு அறுத்து, நடுவில் சரியான அளவில் துளை போட்டு, எட்டு போல்ட்டில் இறுக்கினான். பெட்டியிலிருந்த பெடலும் சிலிண்டரும் குழாயும் அதில் ஏறின. அவனுடைய கெட்டிக்கார நெம்பு கழன்று கீழே கிடந்தது. ஜன்னல் வழியே யஹ்யாவின் குரல் கேட்டது, தெருவில் யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். “அண்ணன் புதுசா ஒரு டிசைன் போட்டிருக்காரு. வெறும் தகட்டுல வெச்சா எண்ணெய் அழுத்தத்துல வளையும் பாரு, அதான் பெருசா வெட்டி உள்ள தடிப்பா ஒன்னு குடுத்திருக்காரு.” இக்ஷான் அதை மறுக்கவில்லை. நான் ஊசியை உடைத்துக்கொண்டேன். என் ஓட்டையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

குழாயில் காற்று இருந்தால் எண்ணெய் பெடல் வேலை செய்யாது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழ்ச் சிலிண்டரின் திருகைத் திறந்து மூட வேண்டும். யஹ்யா இருந்தான். ஆனால் இக்ஷான் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, “வண்டியில வந்து உக்காரு,” என்றான். உட்கார்ந்தேன். பானெட் எழும்பி நின்று முன்னால் எல்லாவற்றையும் மறைத்தது. அதன் அடியில் ஒரு கை அகலத்துக்கு இடுக்கு. அதில் அவன் கைகளும், திருகில் மாட்டிய மெல்லிய குழாயும், குழாயின் முனை மூழ்கிய ஒரு பாட்டிலும் மட்டும் தெரிந்தன.

“அமுக்கு.”

அமுக்கினேன். எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போனது. செத்த கால் மாதிரி கிடந்தது பெடல்.

“புடி.”

பிடித்தேன். ஸ்பானர் அசைந்தது. பாட்டிலில் குமிழிகள் பொரிந்தன.

“எடு.”

எடுத்தேன். மறுபடி அமுக்கு, புடி, எடு. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். யஹ்யா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரும் அவனைக் கண்டுகொள்ளாததால் வீட்டுக்குப் போனான். அமுக்கு. புடி. எடு. குமிழிகள் சிறிதாகிக்கொண்டே வந்தன. எங்கோ ஒரு இடத்தில் பெடல் என் பாதத்தைத் திருப்பித் தள்ளத் தொடங்கியது, உதைக்காமல், உதறாமல். ரொட்டி மாவை உள்ளங்கையால் அழுத்தினால் எப்படி எழும், அப்படி. முழங்காலில் தகடு நெருடவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். நன்றியினால் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயில் போடுவேன். இவ்வளவுதானா என்ற ஆத்திரம். இதற்காகவா, இவ்வளவு எளிதான ஒன்றுக்காகவா என்னை இத்தனை நாள் கெஞ்ச வைத்தாய்?

“கெட்டியாச்சா?” என்றான்.

நான் பெடலை இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தேன். அவனே திருகை இறுக்கினான்.

“ஸ்டார்ட் பண்ணு. ரிவர்ஸ் விழுதான்னு மட்டும் பாரு.”

விழுந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது. பார் என்றான், பார்த்தேன், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாசல் கதவு திறந்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது. இடது காலை எடுத்தேன், மெதுவாக, எவ்வளவு மெதுவாக வேண்டுமோ அவ்வளவு மெதுவாக. வண்டி அவன் கைகளுக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. குழாய் திருகிலிருந்து பிடுங்கிக்கொண்டது. “ஏய், ருகையா, பானெட்டு,” என்றான். கேட்டது. முன்னால் பார்க்கவே தேவையில்லாத ஒரே திசையில்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டி, தெருவுக்கு வந்து நின்றேன்.

காற்று பானெட்டைப் பிடித்து ஆட்டியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச்சின்மேல் என் கால். இடுக்கின் வழியே முற்றம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. வண்டி இத்தனை காலம் நின்ற இடம் எண்ணெய் ஊறிக் கறுத்து, வண்டியின் அளவுக்கே நீளமாகக் கிடந்தது. அதன் நடுவில் இக்ஷானின் இடுப்பும் கைகளும். ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் பழுப்பு எண்ணெய் ததும்பும் பாட்டில். அவன் தெருவுக்கு வரவில்லை. அங்கிருந்தே கேட்டான். குரல் காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனாலும் எனக்குக் கேட்டது.

“காலுக்கு… பாரமா இருக்கா?”

இத்தனை மாதத்தில் என் காலைப் பற்றி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. கிளட்ச்சை இன்னொரு முறை அடிவரைக்கும் அமுக்கி, கியரில் வைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுக்கில், பாட்டிலைப் பிடித்த அந்தக் கை நகராமல் நின்றது.